எரிந்ததா, எரிக்கப்பட்டதா? பேராக் மாநிலத்தின் தீயும் ஐயமும்

"நெருப்பில்லாமல் புகையாது" என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஊரார் ஒருவனைப் பற்றிக் குறைகூறத் தொடங்கினால், அக்குறையில் ஏதேனும் உண்மை இருந்தே தீரும் என்பது அதன் கருத்து. அன்றாட வாழ்வில் இப்பழமொழி பயன்படக்கூடும். ஆயின் வரலாற்றை எழுத முற்படுவோர் இதனைக் கைவிளக்காகக் கொண்டால் வழி தவறுவது திண்ணம். புகை, நெருப்பு உண்டு என்பதைக் காட்டும். அந்நெருப்பை மூட்டிய கை எது என்பதை அது காட்டாது.

தமிழ் இலக்கணம் பயின்ற மாணவர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். "வீடு எரிந்தது" என்பது தன்வினை. அங்கே தீயின் காரணம் கூறப்படவில்லை. "வீட்டை எரித்தான்" என்பது பிறவினை. அங்கே எழுவாயாக ஒருவன் வந்து நிற்கிறான். குற்றமோ பொறுப்போ அவன்மேல் சாய்கிறது. "வீடு எரிக்கப்பட்டது" என்பது செயப்பாட்டுவினை. அங்கே செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பது பெறப்படும். செய்தவன் பெயரோ மறைக்கப்பட்டிருக்கும். இம்மூன்று வாக்கியங்களுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்கச் சான்று வேண்டும். சான்றின்றி முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாம் வாக்கியத்துக்குத் தாவுவதைத்தான் உலகம் ஐயம் என்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சிக்கால மலாயாவில், சிறப்பாகப் பேராக் மாநிலத்தில், தீ பலமுறை ஊர்களையும் தோட்டங்களையும் தின்றது. அத்தீயைத் தொடர்ந்து ஐயமும் வந்தது. அந்த ஐயம் யார்மேல் விழுந்தது, யார்மேல் விழவில்லை என்பதை ஆராய்ந்தால் அக்காலச் சமுதாயத்தின் இயல்பு புலனாகும்.

ஈய வயல்களில் எழுந்த தீ

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாருட் பகுதியில் ஈயம் மிகுதியாகக் கிடைத்தது. அதனை அகழ்ந்தெடுக்க வந்த சீனத் தொழிலாளர், கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு பெரும் இரகசியச் சங்கங்களின்கீழ்ப் பிரிந்து நின்றனர். நீர்வழிக்கும் சுரங்க நிலத்துக்கும் எழுந்த பூசல்கள் 1861 முதல் 1874 வரை நான்கு கட்டங்களாக நடந்த லாருட் போர்களாக வளர்ந்தன. ஒரு சாரார் வென்றபோது மறுசாராரின் குடிசைகளும் கடைகளும் நெருப்புக்கு இரையாயின. பகைவனை விரட்டுவதற்கு அக்காலத்தில் வாளைவிடத் தீப்பந்தம் எளிய கருவியாக இருந்தது. இப்பூசலையும் பேராக் அரியணைப் போட்டியையும் காரணமாகக் காட்டியே ஆங்கிலேயர் 1874 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20 ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கையைச் செய்து பேராக்கின் ஆட்சியில் நுழைந்தனர்.

உடன்படிக்கையின்படி முதல் ரெசிடெண்டாக வந்தவர் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச். வரி வாங்கும் உரிமையையும் அடிமைமுறையையும் பற்றி மலாய்ப் பெருமக்களோடு அவருக்கு மாறுபாடு முற்றியது. 1875 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள் பேராக் ஆற்றங்கரையிலுள்ள பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார். நவம்பர் 7 ஆம் நாள் படையெடுத்த ஆங்கிலேயர் முதலில் பின்வாங்க நேர்ந்தது. நவம்பர் 15 ஆம் நாள் பெரும்படையோடு மீண்டும் வந்து பாசிர் சாலாக்கைக் கைப்பற்றி, மகாராஜா லேலாவின் ஊருக்குத் தீயிட்டனர். மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் பாண்டாக் இண்டுட்டும் கொலைக்குற்றத்துக்காக 1877 ஆம் ஆண்டு சனவரி 20 ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர்.

கொலைக்கு வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. ஊரை எரித்ததற்கு வழக்கு ஏதும் நடந்ததில்லை. அது குற்றமாகக் கருதப்படவே இல்லை; படை நடவடிக்கை என்னும் பெயரைப் பெற்றது. இன்று ஈப்போ நகரில் 1909 ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட பர்ச் நினைவு மணிக்கூண்டு நிற்கிறது. அதன் அருகிலுள்ள சாலைகளோ, விடுதலைக்குப் பின்னர் மகாராஜா லேலாவின் பெயரையும் டத்தோ சாகோரின் பெயரையும் தாங்கி விளங்குகின்றன. ஒரே இடத்தில் இரு தரப்பு நினைவுகளும் அடுத்தடுத்து நிற்பதைக் காணும் மாணவர், வரலாற்றில் ஒரு செயலின் பெயர் அதனைச் சொல்பவரைப் பொறுத்து மாறும் என்பதை அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

அத்தாப்பு நகரங்கள்

அக்கால நகரங்களின் அமைப்பைத் தெரிந்துகொண்டாலன்றி அவற்றின் தீயைப் புரிந்துகொள்ள இயலாது. ஈயச் சுரங்கத்தை ஒட்டி எழுந்த ஊர்களில் மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமே மிகுதி. அத்தாப்பு என்பது பனையினத்தைச் சேர்ந்த நீப்பா மரத்தின் ஓலையை மடித்துக் கோத்து வேயும் கூரை. மழையை அது நன்கு தாங்கும். வெயிலில் காய்ந்தபின் ஒரு பொறியையும் தாங்காது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. உள்ளே விறகடுப்பும் எண்ணெய் விளக்கும் சாமி மாடத்து ஊதுவத்தியும் இருந்தன. தீயணைக்கும் படையோ குழாய்நீரோ கிடையா. இத்தகைய ஊரில் தீப்பிடிக்கப் பகைவன் ஒருவன் வேண்டியதில்லை; கவனக்குறைவும் காற்றுமே போதும்.

1880 ஆம் ஆண்டில் தைப்பிங் நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. 1881 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூர் எரிந்தது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்து எஞ்சியவற்றைச் சிதைத்தது. அதன்பின் சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹம், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும் என 1884 ஆம் ஆண்டில் வற்புறுத்தினார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கற்சூளைகளுக்கென நிலம் வாங்கினார். பின்னாளில் தமிழர் பலர் குடியேறி வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் பெயரே அச்சூளைகளை நினைவூட்டுவதாகும்.

ஈப்போவின் முறை 1892 ஆம் ஆண்டில் வந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய வளத்தால் விரைந்து வளர்ந்துகொண்டிருந்த அவ்வூரின் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை அத்தீ அழித்தது. அழிந்த இடத்தில் ஒழுங்கான குறுக்குநெடுக்குத் தெருக்கள் வகுக்கப்பட்டன. இன்று பழைய நகரம் என்று வழங்கும் பகுதியின் நேரான தெருக்களில் நடப்போர், அத்தீ விட்டுச்சென்ற தடத்தின்மீதுதான் நடக்கின்றனர்.

இங்கே ஐயம் எழுவது இயல்பே. நெருக்கமான பழைய ஊர் எரிந்தது, திட்டமிட்ட புதிய ஊர் எழுந்தது, நிலமதிப்பு உயர்ந்தது. அப்படியாயின் ஆதாயம் பெற்றவரே தீயிட்டிருப்பாரோ என்று மனம் எண்ணத் தொடங்கும். இரகசியச் சங்கப் பகையை நேரில் கண்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருந்த காலம் அது. ஆயினும் ஒன்று தெளிவு: ஒரு தீயால் ஒருவர் பயன்பெற்றார் என்பது, அவரே அத்தீயை இட்டார் என்பதற்குச் சான்றாகாது. மழையால் உழவன் பயனடைகிறான் என்பதற்காக மழையை அவன் பெய்வித்தான் என்று கூறுவார் இல்லை. இவ்வெளிய நியாயத்தை மறந்தமையால் வரலாற்று நூல்களில் வதந்திகள் உண்மைகளாக நுழைந்ததுண்டு.

சட்டம் கேட்ட மூன்று வினாக்கள்

தீவைப்பைப் பற்றிய ஆங்கிலேயர் சட்டம் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்ததாகும். மெக்காலே வரைந்து 1860 ஆம் ஆண்டில் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 435, 436 ஆம் பிரிவுகள் தீயால் நாசம் விளைவிப்பதைப் பற்றியவை. உடைமைக்குத் தீயிடுதல் முந்தியதிலும், குடியிருக்கும் வீட்டுக்கும் வழிபாட்டிடத்துக்கும் பொருள் வைக்கும் கட்டடத்துக்கும் தீயிடுதல் பிந்தியதிலும் கூறப்படுகின்றன. அச்சட்டத்தைத் தழுவி 1871 ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளுக்கு ஒரு தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் மலாய் மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் அதே எண்களில் அப்பிரிவுகள் இருக்கக் காணலாம்.

அப்பிரிவுகளின்கீழ் ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பதற்கு மூன்று செய்திகள் மெய்ப்பிக்கப்பட வேண்டும். முதலாவது, தீ மனிதனால் மூட்டப்பட்டது என்பது. இரண்டாவது, மூட்டியவன் கூண்டில் நிற்கும் இவனே என்பது. மூன்றாவது, அழிவை விளைவிக்கும் கருத்தோடோ, அழிவு விளையக்கூடும் என்னும் அறிவோடோ அவன் அதனைச் செய்தான் என்பது. மூன்றும் கூடினாலன்றிக் குற்றமில்லை. தீவைப்பு வழக்குகள் கடினமானவை என்று உலகெங்கும் கருதப்படுவதன் காரணம் இதுவே. திருட்டில் பொருள் கையில் அகப்படும். கொலையில் உடல் கிடைக்கும். தீயோ தன் சான்றைத் தானே உண்டுவிடும்.

சட்டம் தாளில் இவ்வாறு நடுநிலையாக இருந்தது. அது தோட்டத்துக்குள் நுழைந்தபோது நிலைமை வேறாயிற்று.

புகைக்கூடம்

1877 ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்த ரப்பர் கன்றுகளில் சில பேராக்கின் கோலாகங்சாரில், ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகவே ரப்பரின் தேவையும் பெருகிற்று. காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணி முறையில் ஆயிரமாயிரமாகத் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். சுங்கை சிப்புட், கோலாகங்சார், செம்மோர், பத்து காஜா எனப் பேராக்கின் பல பகுதிகளிலும் லயங்கள் தோன்றின.

ஒவ்வொரு பெரிய தோட்டத்துக்கும் உயிர்நிலையாக விளங்கியது புகைக்கூடம். காலையில் வெட்டிச் சேர்த்த பால், ஸ்டோரில் அமிலமிட்டு உறைய வைக்கப்படும். உறைந்த பால் உருளைகளில் நசுக்கப்பட்டுத் தகடாகும். அத்தகடுகள் கழிகளில் வரிசையாகத் தொங்கவிடப்பட்டு, கீழிருந்து எழும் புகையிலும் வெம்மையிலும் பல நாட்கள் உலரும். அடுப்பில் எரிவது பெரும்பாலும் முதிர்ந்து வெட்டப்பட்ட ரப்பர் மரத்தின் விறகே. இரவிலும் அத்தீ அணையக் கூடாது, ஓங்கவும் கூடாது. அதனைக் காப்பதற்கென ஓர் ஆள் விழித்திருப்பான்.

சற்றே எண்ணிப் பார்த்தால் இதன் ஆபத்து விளங்கும். மரத்தாலான கட்டடம், அதனுள்ளே எளிதில் பற்றும் ரப்பர், அதற்குக் கீழே இரவு பகலாக எரியும் நெருப்பு. நன்கு உலர்ந்த ஒரு தகடு கழியிலிருந்து நழுவி அடுப்பில் விழுந்தால் போதும். சுவரிலும் கூரையிலும் ஆண்டுக்கணக்கில் படிந்த கரியும் தாரும் தீயை மேலே ஏற்றிச் செல்லும். அதனால் புகைக்கூடம் எரிவது தோட்ட வாழ்வில் புதுமையன்று. எவருடைய பகையுமின்றித் தீ விபத்து நேரக்கூடிய இடம் தோட்டத்தில் ஒன்று உண்டென்றால் அது புகைக்கூடமே.

அவ்வாறு எரிந்த மறுநாட் காலையில் பிரட்டுக் களத்தில் நிற்கும் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும். பல நாட்களின் விளைச்சல் சாம்பலாயிற்று. துரை விடை கேட்பார். இரவுக் காவலன் கண்ணயர்ந்தானா? அண்மையில் அரைப்பேர் போடப்பட்டவன் எவன்? கூலி உயர்வு கேட்டுக் குரல் கொடுத்தவன் எவன்? விபத்து நேரக்கூடிய கட்டடத்தை அமைத்தவர்கள் வினாவுக்கு உட்படுவதில்லை. அதில் வேலை செய்தவர்களே உட்பட்டனர். சட்டம் கேட்ட மூன்று வினாக்களும் அங்கே ஒரே வினாவாகச் சுருங்கின: "உங்களில் எவன்?"

கரும்புத் தோட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு

இந்நிலை மலாயாவுக்கு மட்டும் உரியதன்று. தமிழர் கூலிகளாகச் சென்ற பிற நாடுகளிலும் இதுவே நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்மீது விதிக்கப்பட்ட 3 பவுன் தலைவரியை எதிர்த்து 1913 ஆம் ஆண்டில் காந்தியடிகள் தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய அது, நவம்பர்த் திங்களில் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. அந்நாட்களில் பல இடங்களில் கரும்பு வயல்கள் எரிந்தன.

எரிந்த கரும்பைச் சில நாட்களுக்குள் ஆலையிட்டாக வேண்டும். இல்லையேல் சாறு கெட்டுவிடும். ஆட்கள் வேலையை நிறுத்தியிருக்கும் வேளையில் எரிந்த கரும்பு முழு இழப்பே ஆகும். எனவே தோட்ட முதலாளிகள் வேலைநிறுத்தக்காரர்மேல் ஐயம் கொண்டனர். அறவழியை வற்புறுத்திய இயக்கமோ வன்செயலைத் தன் கொள்கையாகக் கொள்ளவில்லை. சினம் கொண்ட தொழிலாளர் சிலர் தீயிட்டிருக்கலாம் என்பதை முற்றும் மறுப்பது நேர்மையன்று. வேலைநிறுத்தத்தில் நின்ற அனைவரும் தீவைத்தவர் என்பதும் நேர்மையன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பாதையே வரலாற்றாசிரியன் நடக்க வேண்டிய பாதை.

ஆணையால் எரிந்த ரப்பர்

1941 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சப்பானியப் படை வடக்கிலிருந்து விரைந்து முன்னேறியது. ஆங்கிலேயப் படை பின்வாங்கிக்கொண்டே, பகைவருக்குப் பயன்படக்கூடியவற்றை அழிக்கும் கொள்கையை மேற்கொண்டது. ஈயம் எடுக்கும் கப்பல்கள் முடமாக்கப்பட்டன. ரப்பர் இருப்புகள் எரிக்கப்பட்டன. அத்திங்களின் இறுதியில் ஈப்போ சப்பானியர் வசமாயிற்று.

நேற்றுவரை ஒரு தகடு கருகினாலும் தொழிலாளியின் கூலியைப் பிடித்த நிருவாகம், இப்போது கிடங்கு கிடங்காக எரிக்கச் சொன்னது. அது தீவைப்பு என்று எவரும் கூறவில்லை. அதற்குக் கடமை என்பது பெயர். எரித்துவிட்டுத் துரைமார் தெற்கே சென்றனர். எரிந்த தோட்டத்தில் வேலையும் அரிசியுமின்றி எஞ்சியவர் தொழிலாளரே. அவர்களுள் பலர் பின்னர்ச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாது போயினர்.

அவசரகாலத்தின் இரு தீக்கள்

போருக்குப் பின்னர் ஆங்கிலேயர் மீண்டனர். கூலியும் உணவும் தொழிற்சங்க உரிமையும் பற்றிய போராட்டங்கள் தோட்டந்தோறும் எழுந்தன. 1948 ஆம் ஆண்டு சூன் 16 ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் மற்றொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சூன் 18 ஆம் நாள் அது மலாயா முழுமைக்கும் விரிந்தது. சூலைத் திங்களில் கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டது. 1960 ஆம் ஆண்டு சூலை 31 ஆம் நாள்வரை அவசரகாலம் நீடித்தது.

அந்த ஆண்டுகளில் புகைக்கூடங்களும் பால் ஸ்டோர்களும் பேருந்துகளும் எரிந்தன. ரப்பர் மரங்கள் வெட்டிச் சிதைக்கப்பட்டன. நாட்டின் பொருளாதாரத்தின் அடிவேரைத் தாக்குவது காட்டிலிருந்து போரிட்டோரின் நோக்கமாக இருந்தது. இங்கே ஐயத்துக்கு இடமின்றி ஒரு சான்று உண்டு. 1951 ஆம் ஆண்டு அக்டோபரில் கம்யூனிஸ்டுக் கட்சி தன் உறுப்பினருக்கு விடுத்த ஆணையில், அடையாள அட்டைகளைப் பறித்தல், புதுக் கிராமங்களையும் கூலி லயங்களையும் எரித்தல் முதலிய செயல்களை நிறுத்துமாறு கூறப்பட்டிருந்தது. அவ்வாவணம் பின்னர் அரசின் கைக்குக் கிட்டி வெளியாயிற்று. இத்தகைய செயல்கள் மக்களைப் பகைக்கச் செய்தன என்பதை அக்கட்சியே உணர்ந்தது. தாம் செய்த செயலைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் இத்தகைய சான்றை வரலாறு உயர்வாக மதிக்கும்.

ஆயினும் இச்சான்று ஒவ்வொரு தனித்தீயையும் விளக்கிவிடாது. கழியிலிருந்து தகடு நழுவி விழுவது அவசரகாலத்தில் நின்றுவிடவில்லை. முன்னர் விபத்து எனக் கருதப்பட்டிருக்கக்கூடிய தீ, இப்போது பயங்கரவாதத்தின் கைவேலையாக எண்ணப்பட ஏதுவாயிற்று. காட்டுக்காரருக்குச் சோறு கொடுத்தவன், செய்தி சொன்னவன், கதவைத் திறந்துவிட்டவன் யார் என்னும் தேடல் தொடர்ந்தது. அவசரகால விதிகளின்கீழ் வழக்கு விசாரணையின்றியே ஒருவரைக் காவலில் வைக்க முடிந்தது. பல்லாயிரவர் அவ்வாறு அடைபட்டனர். பெரும்பாலோர் சீனராயினும் இந்தியத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். நீதிமன்றத்தில் மூன்று செய்திகள் மெய்ப்பிக்கப்பட வேண்டியிருக்க, தடுப்புக் காவலுக்கு ஐயம் ஒன்றே போதுமானதாயிற்று. தொழிலாளி இருபுறமும் அஞ்சினான். இரவில் காட்டிலிருந்து வருவோர் அவனைக் காட்டிக்கொடுப்பவன் என்றனர். பகலில் வருவோர் அவனை உடந்தை என்றனர்.

மற்றொரு தீயும் அக்காலத்தில் எரிந்தது. அது அரசின் தீ. 1948 ஆம் ஆண்டு நவம்பர்த் தொடக்கத்தில் சிலாங்கூரில் காஜாங்கை அடுத்த காச்சாவ் என்னும் சிற்றூர் பாதுகாப்புப் படையினரால் எரிக்கப்பட்டது. அதே ஆண்டு திசம்பரில் பத்தாங்காலியை அடுத்த தோட்டம் ஒன்றில் ஆயுதமற்ற 24 பேர் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுடைய குடியிருப்பும் தீயிடப்பட்டது. அந்நிகழ்ச்சி பற்றி முழு விசாரணை நடத்த வேண்டும் என உறவினர் தொடுத்த வழக்கைப் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015 ஆம் ஆண்டு நவம்பரில் தள்ளுபடி செய்தது. 1950 ஆம் ஆண்டில் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் முள்வேலி சூழ்ந்த புதுக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற குடிசைகள், காட்டிலுள்ளோருக்குப் பயன்படக் கூடாதென எரிக்கப்பட்டன. தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு வேலியிடப்பட்டன.

ஆவணங்களில் இவ்விரு தீக்களுக்கும் இருவேறு சொற்கள் உள்ளன. ஒன்று தீவைப்பு, மற்றொன்று நடவடிக்கை. கூரை இழந்து வானத்தின்கீழ் நின்ற தாய்க்கு இவ்விரு சொற்களுக்கும் வேறுபாடு தெரிந்திருக்க நியாயமில்லை.

எஞ்சிய சாம்பலில் தேட வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து ஒருபுறச் சார்பான முடிவுக்கு வருவது எளிது. எரிந்தவை எல்லாம் அடக்குமுறைக்கு எதிரான வீரச்செயல்கள் என்று பாடலாம். எரித்தவர் எல்லாரும் கொடியோர் என்று தூற்றலாம். இரண்டும் உண்மைக்குப் புறம்பானவை. தீவைத்தவனைத் தியாகி ஆக்குவதற்கும் முன்னர், அவன் தீவைத்தானா என்பது தெரிய வேண்டும். செய்யாத செயலுக்காக ஒருவனைப் புகழ்வதும், செய்யாத செயலுக்காக ஒருவனைப் பழிப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

ஆதலின் ஆசிரியரும் மாணவரும் ஒரு பழைய தீயைப் பற்றிக் கேட்குங்கால் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். எரிந்த பொருள் எத்தகையது, தானே பற்றக்கூடியதா? அதனைத் தீவைப்பு என்று முதன்முதலாகக் கூறியவர் யார், அவர் எதனைக் கண்டார்? ஐயத்துக்கு உள்ளானவனின் சொல் எங்கேனும் பதிவாகியுள்ளதா? அத்தீயால் வீடும் கூலியும் இழந்தவர் யாவர்?

இவற்றுள் மூன்றாம் வினாவுக்கே விடை கிடைப்பது அரிது. துரையின் அறிக்கை உண்டு. காவல் நிலையத்தின் குறிப்பு உண்டு. செய்தித்தாளின் வரி உண்டு. இவையாவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இரவுக் காவலனின் தமிழ்ச்சொல் அவற்றில் பெரும்பாலும் இல்லை. எழுத்தறியாத அவன் தன் மக்களிடம் சொன்னான். அவர்கள் தம் மக்களிடம் சொன்னார்கள். பேராக்கின் பழைய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன, புகைக்கூடங்களின் அடித்தளம் புல்லுக்குள் மறைந்தது. அவசரகாலத்தைச் சிறுவராகக் கண்டவர்களும் இன்று முதுமையின் எல்லையில் இருக்கின்றனர். அவர்களுடைய நினைவுகளைப் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றோடு எழுதி வைப்பதும், எழுதியதை ஆவணங்களோடு ஒப்பிட்டு நோக்குவதும் தமிழ்ப்பள்ளிகள் ஆற்றக்கூடிய அரிய வரலாற்றுப் பணியாகும். நினைவும் தவறக்கூடும், ஆவணமும் மறைக்கக்கூடும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால்தான் உண்மையின் வடிவம் தெரியும்.

அவ்வாறு எழுதும் மாணவன் தன் வாக்கியத்தை முடிக்குமுன் ஒருகணம் நின்று எண்ணுவானாக. எரிந்தது என எழுதுவதா, எரித்தனர் என எழுதுவதா, எரிக்கப்பட்டது என எழுதுவதா? அந்த வினைமுற்றில் ஒரு மனிதனின் மானம் தங்கியிருக்கிறது. புகைக்கூடத்தின் கூரைவழியே நாள்தோறும் புகை எழுந்தது. நெருப்பும் நாள்தோறும் இருந்தது. பழமொழி அந்த அளவில் பொய்க்கவில்லை. அதற்கு அப்பால் செல்ல விரும்புவோருக்குப் பழமொழி போதாது, சான்று வேண்டும்.